குளக்கட்டை வெளிப்பக்கம் நின்று பாருங்கள்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவையும் அதன் குளத்தையும் பராமரிப்பது என் வேலை. அதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். மழைநீர் வடியும் கான் வெட்டுவிப்பதும் கல்வரம்பு கட்டுவிப்பதும் மழைமானியைப் பார்த்து எழுதுவதும் அங்கே பழகியவை. குளம் அரை ஏக்கர்தான். வெள்ளைத் துரைமார் காலத்தில் ஓடையொன்றை மறித்து மண்ணால் கட்டியது. இப்போது பங்களாவில் தங்க வருகிறவர்கள் அதில் துடுப்புப் படகு விடுகிறார்கள். வெயில் நாட்களில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். இப்படிப்பட்ட குளங்கள் மலையகத்தில் ஆங்காங்கே உண்டு. பங்களா கைமாறும்போது குளமும் சேர்ந்து கைமாறுகிறது. வாங்க வருகிறவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், தரைப் பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள், தண்ணீரை மறித்து நிற்கும் அந்த மண் அணையை, அதாவது குளக்கட்டை, பார்ப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2000 சதுர மீற்றர். சராசரி ஆழம் 2 மீற்றர் என்றால் குளத்தில் நிற்பது 4000 கனமீற்றர் தண்ணீர். ஒரு கனமீற்றர் தண்ணீரின் நிறை ஒரு தொன். ஆக 4000 தொன் தண்ணீரை ஒரு மண் கட்டு மறித்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் கட்டுக்குக் கீழே, ஓடை திரும்பும் இடத்தில் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், இருக்கிறது. என் அக்கா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. கட்டு உடைந்தால் படகில் இருப்பவரைவிட அடுப்படியில் இருப்பவருக்குத்தான் முதல் ஆபத்து. உங்கள் குளத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை ஓடை வழியே இறங்கி நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். லயம், தண்ணீர் பிடிக்கும் பீலி, பாலம், பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் குறுக்குப்பாதை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற வேலைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மண் கட்டு பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைகிறது. ஒன்று, வான், அதாவது குளம் நிரம்பியதும் மிகுதி நீர் வழிந்தோடும் வாய்க்கால், போதாமல் தண்ணீர் கட்டின் தலைக்கு மேலால் பாய்ந்து மண்ணை அரித்துவிடும். மற்றது, கட்டின் உள்ளே கசியும் நீர் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வந்து உள்ளுக்குள்ளேயே குழாய்போல வழி பறித்துவிடும். 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பெரிய குளம், நம்முடையது சிறியது. ஆனால் மண் கட்டு உடையும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். உடைவதற்கு முன் வரும் அறிகுறிகளில் பெரும்பகுதி தண்ணீர்ப் பக்கம் தெரியாது, வெளிச்சரிவில்தான் தெரியும். விருந்தினர் தண்ணீரைப் பார்க்கட்டும். குளத்துக்குப் பொறுப்பானவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று கீழே பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை கட்டைச் சுற்றி வாருங்கள். மழைக்காலத்தில் தினமும் போக வேண்டும். நடையைக் கட்டின் அடியில் தொடங்குங்கள். வெளிச்சரிவு நிலத்தைத் தொடும் கோட்டில் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை மெதுவாக நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் ஈரம் கண்ணுக்கு முன்பே காலுக்குத் தெரியும். பெப்ரவரி வெயிலில் சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் பச்சையாக நின்றால், அதன் அடியில் தண்ணீர் வருகிறது என்று பொருள். எங்கள் கட்டில் வலது கரையோரம், பாறை தொடங்கும் இடத்தில் அப்படியொரு பச்சைத் திட்டு இருக்கிறது. பாயளவு இடம். நடுவில் விரல் மொத்தத்தில் தண்ணீர் எட்டிப்பார்த்து ஓடுகிறது.

கசிவைக் கண்டதும் பதற வேண்டாம். கசியாத மண் கட்டு அபூர்வம். கேட்க வேண்டியவை இரண்டு: தண்ணீர் தெளிவாக வருகிறதா, அளவு மாறாமல் வருகிறதா? நான் செய்வது இதுதான். கசிவு ஓடும் வழியில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக் குழாயைப் பதித்திருக்கிறேன். அதன் வாயில் பத்து லீற்றர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பேன். பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் அதே தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டு, பங்களா ஜன்னலோரம் அசையாமல் இரவு முழுக்க வைத்துவிடுவேன். காலையில் போத்தலின் அடியில் எதுவும் படியாவிட்டால் நல்லது. மெல்லிய மண் படலம் படிந்திருந்தால் கட்டின் உள்ளிருந்து மண் வருகிறது. அது சிறிய விடயம் அல்ல. அன்றே குளத்து நீரை இறக்கத் தொடங்க வேண்டும், பொறியியலாளர் ஒருவரை அழைக்க வேண்டும்.

வாளிக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி, குளத்தின் நீர்மட்டம், முந்தைய நாள் மழை, வாளி நிரம்பிய விநாடி ஆகிய நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். நீர்மட்டம் ஏறும்போது கசிவு கூடுவதும் இறங்கும்போது குறைவதும் இயல்பு. மட்டம் அப்படியே இருக்க, மழையும் இல்லாமல், கசிவு மட்டும் கூடினால் உள்ளே ஏதோ மாறுகிறது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கொப்பிதான் சொல்லும். பங்களாவை விற்கும்போது அந்தக் கொப்பியை அடுத்தவர் கையில் கொடுங்கள். உறுதிப் பத்திரத்துக்கு நிகரான ஆவணம் அது.

கசியும் வாயை வெளிப்பக்கத்தில் களிமண்ணாலோ சீமெந்தாலோ அடைக்க வேண்டாம். பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். அடைத்த தண்ணீர் திரும்பிப் போவதில்லை. உள்ளே அழுத்தம் கூடி, வேறோர் இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. அதற்கு முதலில் பருமணல், அதன்மேல் சிறு சல்லி, அதன்மேல் பெரிய சல்லி என்று அடுக்குவார்கள். தண்ணீர் வடிந்துவிடும், மண் மணலில் தங்கிவிடும். நிரந்தரமான வடிகட்டிக்கு மணலின் பருமன் கட்டின் மண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் அதைப் பொறியியலாளர் சொல்லித்தான் செய்ய வேண்டும். அவசரத்துக்குப் போடுவதற்கு மணலும் சல்லியும் எப்போதும் கட்டின் அருகே குவியலாகக் கிடக்கட்டும்.

புல்லைக் குட்டையாக வைத்திருங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை, மறைப்பு இல்லாமல் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். கட்டுக்கு ஏற்றது அறுகம்புல்போலப் படர்ந்து மண்ணைப் பிடிக்கும் புல். மானாப்புல்லும் வெட்டிவேரும் மண்ணை நன்றாகப் பிடிக்கும் என்பது தோட்டத்தில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவற்றைக் கான் ஓரங்களில் நடுங்கள், கட்டின் சரிவில் வேண்டாம். ஆளுயரப் புல்லுக்குள் ஒரு பொந்தோ வெடிப்போ இருந்தால் யாருக்குத் தெரியும்? லயத்தில் மாடு வளர்ப்பவர்களைப் புல் அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்களிடம் அப்படித்தான் நடக்கிறது. மாட்டுக்குத் தீனி, கட்டுக்குத் துப்புரவு. அறுப்பவர்கள் ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்க்கிறவர்கள் என்பதால், புது ஈரத்தையும் பொந்தையும் எனக்கு முன்பே கண்டு வந்து சொல்லிவிடுகிறார்கள். மாட்டைக் கட்டின்மேல் மேய மட்டும் விட வேண்டாம். குளம்பு பட்ட தடத்தில் மழைநீர் ஓடிச் சிறு ஓடை பறித்துவிடும்.

மரம் கட்டுக்கு ஆகாது. வேர் மண்ணைப் பிடிக்குமே என்பார்கள். மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு கட்டில் ஒரு பெரும் கவளம் பெயர்ந்துவிடும். பட்டுப்போனால் வேர் உக்கி, அது இருந்த வழியெல்லாம் தண்ணீருக்கு வழியாகும். கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய யூக்கலிப்டஸ் ஏற்கெனவே நின்றால் அவசரப்பட்டு அடியோடு தோண்ட வேண்டாம். நீர் நிரம்பி நிற்கும் கட்டில் வேரைத் தோண்டுவது கட்டையே திறந்துவிடுவதற்குச் சமம். நீரை இறக்கி, ஆலோசனை கேட்டு, கோடையில் செய்ய வேண்டிய வேலை அது.

முள்ளம்பன்றி, எலி, நண்டு ஆகியவை பொந்து போடும். காட்டுப்பன்றி மண்புழுவுக்காகக் கிளறும். பொந்தைக் கண்டால் வாயில் மட்டும் மண்ணைப் போட்டு மூடிவிடக்கூடாது. முடியும் இடம்வரை தோண்டிப் பார்த்து, ஈரப்பதமான களிமண்ணை அரை அடி கனத்தில் போட்டு இடித்து, மறுபடி போட்டு இடித்து, மேலே வர வேண்டும். பொந்து ஆழமாகக் கட்டுக்குள் போனால் நீரை இறக்கிய பிறகே தோண்ட வேண்டும்.

இனிக் கட்டின் தலைக்கு ஏறுங்கள். ஒரு முனையில் குந்தி, மறுமுனையை நோக்கி ஒரே பார்வையாகப் பாருங்கள். தலை மட்டமாக இருக்க வேண்டும். எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் பெருமழையில் தண்ணீர் முதலில் ஏறிப் பாயும். வெடிப்பு இருந்தால் அது போகும் திசையைப் பாருங்கள். கட்டின் நீளவாக்கில் போனால் சரிவு நழுவத் தொடங்கியிருக்கலாம். குறுக்காக, குளத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போனால் தண்ணீருக்கு நேர்வழி கிடைத்துவிடும். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வோர் ஆணியடித்த குச்சியை நட்டு, ஆணிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து எழுதுங்கள். மழை இறங்காதபடி வெடிப்பைப் பொலித்தீனால் மூடுங்கள். தூரம் கூடிக்கொண்டே போனால் காத்திருக்கக்கூடாது. கட்டின்மேல் வாகனம் ஓட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது வான். சிறிய குளங்களில் மிக அதிகமாகக் கெடுக்கப்படுவது இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கு. ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 10 கனமீற்றர் தண்ணீர். உங்கள் குளத்துக்கு மேலே 10 ஹெக்டேயர் தேயிலை மலையும் காடும் இருக்கின்றன, ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்கிறது என்று வையுங்கள். விழுவது 10,000 கனமீற்றர். பாதியை மண் குடித்தாலும் 5000 கனமீற்றர் கீழே வரும். குளத்தின் மொத்தக் கொள்ளளவே 4000. அதுவும் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது! ஆக ஒரு குளத்தைவிட அதிகமான தண்ணீர் ஒரே நாளில் வான் வழியே வெளியேற வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. நம்முடைய மலைகளில் 100 மில்லிமீற்றர் நாள் என்பது அதிசயம் அல்ல.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு யாருக்காவது வானின் குறுக்கே பலகை வைக்க மனம் வருமா? ஆனாலும் வைக்கிறார்கள். படகுக்கு ஆழம் போதவில்லை என்று பலகை, மீன் ஓடிவிடும் என்று வலை, பார்க்க அழகாக இருக்குமென்று பூந்தொட்டி வரிசை. வலையில் ஒரு மணித்தியால மழைக்குள் சருகும் சுள்ளியும் சேர்ந்து சுவராகிவிடும். மீன் போகட்டும். சருகைத் தடுக்க வேண்டுமானால் வானுக்குப் பல மீற்றர் முன்பே, தண்ணீரின் மேல் மிதக்கும்படி மூங்கில்களைக் கயிற்றில் கோத்துக் குறுக்கே கட்டுங்கள். வானின் வாசலுக்கும் கட்டின் தலைக்கும் இடையே எங்கள் குளத்தில் மூன்றடி உயர வித்தியாசம் இருக்கிறது. அந்த மூன்றடிதான் எங்கள் காவல். அதில் அரை அடியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வானின் வாசலைப் போலவே அது முடியும் இடத்தையும் பாருங்கள். தண்ணீர் விழும் இடத்தில் குழி பறித்து, அந்தக் குழி மேல்நோக்கி ஏறிவந்து, பாவிய கல்லை அடியிலிருந்து சரித்துவிடும். ஒரு கல் பெயர்ந்தபோதே திரும்பப் பதித்துவிட்டால் செலவு சொற்பம். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர்களில் அரசங்கன்று முளைக்கும். அதைக் கையால் பிடுங்கக்கூடிய பருவத்திலேயே பிடுங்குங்கள்.

கட்டின் ஊடாகக் குழாய் வழியே குளத்து நீரை வெளியே விடும் மதகைப் பற்றிச் சுருக்கமாக. அதன் வால்வை ஆண்டுக்கு இருமுறையாவது முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். தேவைப்படும் இரவில் துருப்பிடித்து இறுகியிருந்தால் வால்வு இருந்தும் பயனில்லை. குழாய் கட்டை ஊடறுத்து வெளிவரும் இடம் எந்தக் கட்டிலும் பலவீனமானது. குழாயின் வெளிச்சுற்றை ஒட்டித் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொரு நடையிலும் பாருங்கள். குளத்தை இறக்கும்போது நாளுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்க வேண்டாம். வேகமாக இறக்கினால் தண்ணீர் ஊறிய உட்சரிவு தாங்க ஆளில்லாமல் குளத்துக்குள் சரிந்துவிடும். கட்டு உடையும் நிலை வந்தால் மட்டுமே இந்த விதியை மீறலாம். வண்டல் அள்ளும்போது கட்டின் உள் அடியைத் தொடாதீர்கள். அங்கே படிந்த களிமண்தான் கசிவைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

எப்போது இறக்கிப் பழுதுபார்ப்பது என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கிவிடும். பெப்ரவரி, மார்ச்சில் வேலையை முடித்துவிட வேண்டும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெருமழை. அங்கே ஜூலை, ஓகஸ்ட் ஏற்ற காலம். இரண்டு பக்கங்களுக்கும் பொதுவாக ஒக்டோபர், நவம்பர் இடிமழை உண்டு.

குளத்துக்கு மேலே இருக்கும் மலையையும் ஏறிப் பாருங்கள். சரிந்து வரும் மண் குளத்தில் விழுந்தால் தண்ணீர் அலையாக எழும்பிக் கட்டைத் தாண்டும். மேலே கான்கள் அடைபட்டு நீர் தேங்குவது, நிலத்தில் புது வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, இல்லாத இடத்தில் திடீரென ஊற்று, ஏற்கெனவே ஓடிய ஊற்று கலங்குவது ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டிய சிவப்பு என்று பொதுவாக வரம்பு வைத்திருக்கிறார்கள். அதையே நான் குளத்துக்கும் எடுத்துக்கொண்டேன். 75 என்றால் வானருகே ஆள் நிற்க வேண்டும். 100 என்றால் லயத்துக்குச் சொல்லிவிட வேண்டும். மழைமானியொன்றை நீங்களே வாங்கி வையுங்கள். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மழை மாறும் நாடு இது.

குளிப்பவர்களுக்கும் படகு விடுபவர்களுக்கும்: மதகு வாயைச் சுற்றி மிதவை கட்டி எவரையும் உள்ளே விடாதீர்கள், திறந்த மதகு ஆளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வான் பாயும்போது அதன் பாசிக் கல்லில் கால் வைக்க அனுமதிக்க வேண்டாம். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, நீந்தத் தெரிந்தவருக்கும்தான். மலைக் குளத்தின் அடித்தண்ணீர் சில்லென்று கையையும் காலையும் இழுத்துவிடும். முதல் இடிச்சத்தத்தோடு படகு கரைக்கு வர வேண்டும். லயத்துப் பிள்ளைகளும் உங்கள் கண்ணில் படாத நேரத்தில் குளிக்க வருவார்கள். வேலி போட்டுத் துரத்துவதைவிட, ஆழமில்லாத மூலையைக் காட்டிக்கொடுத்து, பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்வதே மேல்.

கடைசியாக, ஆபத்து வரும் நாள். கசிவு கலங்கி வந்தால், கட்டில் பள்ளம் விழுந்தால், குளத்தின் மேல் சுழி தெரிந்தால், நீர் கட்டின் தலைக்கு ஓர் அடிக்குள் ஏறி நின்றால் யோசிக்க நேரமில்லை. முதல் வேலை கீழே இருப்பவர்களை மேட்டுக்கு ஏற்றுவது. வால்வைத் திறப்பதும் மணல் மூட்டை அடுக்குவதும் அதற்குப் பிறகு. எங்கள் லயத்தில் யார் யாரைக் கூட்டிக்கொண்டு எந்தப் பாதையால் மேட்டுக்கு ஏறுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களைத் தூக்கப் போகிறவர்களின் பெயரும் எழுதியிருக்கிறது. தொலைபேசி மலையில் எப்போதும் எடுக்காது என்பதால் கோயில் மணிதான் எங்கள் அடையாளம். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, கிராம உத்தியோகத்தர், தோட்ட அலுவலகம்.

ஆட்கள் ஏறிய பிறகு வால்வை முழுவதும் திறவுங்கள், வானில் அடைப்பிருந்தால் நீண்ட கழியால் கரையில் நின்றபடி எடுங்கள், தலையில் தாழ்ந்த இடத்துக்கு மணல் மூட்டை போடுங்கள். கலங்கிய ஊற்றுக்கு மேல் மணலும் சல்லியும் கொட்டுங்கள். தண்ணீரைச் சீக்கிரம் விடலாம் என்று கட்டை வெட்ட மட்டும் யாரையும் விடாதீர்கள். வெட்டிய வாய் சில நிமிடங்களில் கட்டையே கொண்டுபோய்விடும். தலைக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கிவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நீங்களும் ஏறிவிடுங்கள். மழை விட்ட பிறகும், குளத்து மட்டம் வானுக்குக் கீழே இறங்கி, கட்டின் அடியை ஒருமுறை முழுவதும் நடந்து பார்த்து, போத்தலில் பிடித்த தண்ணீர் தெளிந்திருப்பதை உறுதிசெய்யும்வரை ஒருவரையும் லயத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.